முதல் பயனாளிக்கு மூன்று மொட்டை

ஞாயிற்றுக்கிழமை காலை ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டே தாட்சாயிணி தன் கணவன் செங்கல்வராயனைத் திட்டிக்கொண்டிருந்தாள். அந்த வீட்டில் அது வாரம் தவறாமல் நடக்கும் காரியம். கொரட்டூர் மார்க்கெட்டுக்குப் போனவன் கத்திரிக்காயிலிருந்து வாழைப்பூ வரை வாங்கிவிட்டு கொத்தமல்லியை மட்டும் மறந்து வந்திருந்தான்.

"பெரிய ஆபீசரு மாதிரி கைய வீசிக்கினு வந்துகீறியே, சீப்பு எங்கய்யா?"

"இன்னா சீப்பு?"

"சீப்புய்யா! சீப்பு இல்லாம ரசத்த எப்படி எறக்கறது?"

செங்கல்வராயன் கண்ணாடிக்குப் பின்னால் செருகியிருந்த சீப்பை எடுத்துவந்து பயபக்தியுடன் நீட்டினான். அவள் அதைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். குக்கர் விசில் அடித்து ஓயும்வரை இரண்டு பேரும் சிரித்தார்கள். "வயசாய்ப்போச்சுய்யா எனக்கு" என்றாள். நாற்பத்தைந்து வயதுக்காரி, ஊருக்கெல்லாம் ஜாக்கெட் தைத்துக் கொடுப்பவள், ஒரு ஊக்கு இடம் மாறாமல் தைப்பவள். கொத்தமல்லி இல்லாத அந்த ரசத்தைத்தான் அவர்கள் கடைசியாக நிம்மதியாகச் சாப்பிட்டார்கள்.

அடுத்த வாரம் கத்தரிக்கோலுக்கும் செருப்புக்கும் பெயர் மாறியது. அதற்கடுத்த வாரம் படம் எடுத்துப் பார்த்தார்கள். மூளையின் இடப்பக்கம், பேச்சு இருக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி உட்கார்ந்திருந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் எடுக்க முடிந்ததை எடுத்தார்கள், கதிர்வீச்சு வைத்தார்கள். அது மறுபடி வளர்ந்தது. அங்கிருந்த டாக்டர் நல்ல மனிதர், மழுப்பாமல் சொன்னார்.

"மருந்து இல்லாம இல்லைங்க. உள்ள போக மாட்டேங்குது. மூளைக்குப் போற ரத்தக் குழாய்ல ஒரு காப்புச் சுவர் இருக்கு. கண்டதும் உள்ளே வரக் கூடாதுன்னு இயற்கை வெச்ச காவல். விஷத்தையும் விடாது, மருந்தையும் விடாது. திருமழிசை தாண்டி, குத்தம்பாக்கத்துக்குப் பக்கத்துல புதுசா ஒரு ஆய்வு மையம் வந்திருக்கு. போய்ப் பாருங்க."

செங்கல்வராயனுக்கு அந்தப் பக்கம் பழக்கம்தான். திருமழிசை தொழிற்பேட்டையில் ஒரு பம்ப் கம்பெனியில் ஸ்டோர் பார்க்கிறான். வயலுக்கு நடுவே கண்ணாடியில் ஒரு கட்டடம் எழும்பியதைத் தினமும் பஸ்ஸிலிருந்து பார்த்திருக்கிறான். கல்யாண மண்டபம் என்று நினைத்திருந்தான். வாசல் வளைவைப் பார்த்தால் யாரும் அப்படித்தான் நினைப்பார்கள்.

அது நுண்துகள் மூளை மருத்துவ உயர் ஆய்வு மையம். வாசலில் காவலாளி தடுத்தார்.

"பேஷன்ட்டா?"

"ஆமாங்க."

"பேஷன்ட்டுக்கெல்லாம் உள்ள பர்மிஷன் இல்ல அண்ணாத்தே. பயனாளிங்க மட்டும்தான்."

"அப்ப பயனாளின்னு வெச்சிக்கோ."

"அத மொதல்லியே சொல்றதுக்கு இன்னா?" என்று கேட்டைத் திறந்தார்.

இயக்குநர் டாக்டர் நாகேந்திரன் எதிரில் இரண்டு பேர் இருந்தாலும் இருநூறு பேருக்குப் பேசுகிறவர். அவர் சொன்னதை செங்கல்வராயன் இப்படிப் புரிந்துகொண்டான்: மருந்தைத் தூசியைவிடப் பல மடங்கு சின்னத் துகளுக்குள் பொதிந்து ஊசியில் ஏற்றுவார்கள். கூடவே கண்ணுக்குத் தெரியாத குமிழிகளையும் ஏற்றுவார்கள். தலையில் ஒரு கவசத்தை மாட்டி, காதுக்குக் கேட்காத சத்தத்தைக் கட்டி இருக்கும் இடத்தில் குவிப்பார்கள். அந்தச் சத்தத்தில் குமிழிகள் அதிரும். சுவர் சில மணி நேரம் நெகிழ்ந்து கொடுக்கும். அந்த நேரத்தில் துகள் உள்ளே போய்விடும். பிறகு சுவர் தானாகவே மூடிக்கொள்ளும்.

பஸ்ஸில் திரும்பும்போது இதை அவளுக்கு விளக்கினான். அப்போது அவளுக்கு முக்கால்வாசிப் பேச்சு இருந்தது.

"காதுக்குக் கேக்காத சத்தமா?"

"ஆமா."

"உங்கம்மா பேசுனதெல்லாம் எனக்கு அப்படித்தான்யா" என்றாள். முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

நாகேந்திரன் ஒரு நிபந்தனை சொல்லியிருந்தார். ஆபரேஷனுக்கு ஒரு பக்கம் எடுத்தது போதாது, தலைமுடி முழுக்க எடுக்க வேண்டும். முடிக்கு நடுவில் காற்று தங்கும், காற்று இருந்தால் சத்தம் உள்ளே போகாது. தாட்சாயிணி அன்று முழுக்க மிச்சமிருந்த பின்னலை அவிழ்த்து அவிழ்த்துப் பின்னிக்கொண்டிருந்தாள். மறுநாள் அவளே, "சலூன் கன்னியப்பன ஊட்டாண்ட வரச் சொல்லு" என்றாள்.

கன்னியப்பன் தண்ணீர் தெளித்துவிட்டுக் கேட்டார். "இன்னா வேண்டுதல் தாயி?"

"சொன்னா பலிக்காது நைனா. நீ சிரை."

சாயங்காலம் எதிர்வீட்டு வரலட்சுமி வந்தாள். கன்னத்தில் போட்டுக்கொண்டு, "எந்தக் கோயிலு?" என்றாள்.

"திருத்தணி" என்றாள் தாட்சாயிணி கண் இமைக்காமல்.

"ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானும் வந்திருப்பேன்ல! சரி, பிரசாதம் எங்க?"

தாட்சாயிணி கணவனைப் பார்த்தாள். அவன் செருப்பை மாட்டிக்கொண்டு அம்பத்தூரில் ஒரு நாட்டுமருந்துக் கடைக்குப் போய் விபூதிப் பொட்டலமும் கற்கண்டும் வாங்கி வந்தான். வரலட்சுமி இரு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

குறித்த நாளில் மையத்துக்குப் போனார்கள். எந்திரம் இருக்கும் அறை வாசலில் செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். தாட்சாயிணியைப் படுக்கவைத்து, கவசத்தை மாட்டி, நாகேந்திரன் பக்கத்தில் நின்று விரலால் எதையோ சுட்டிக்காட்ட, நிறையப் படம் எடுத்தார்கள். பிறகு எழுந்துகொள்ளச் சொன்னார்கள்.

"முடிஞ்சிதா சார்?" என்றான் செங்கல்வராயன்.

"ஒத்திகை முடிஞ்சுது. மெஷின் ரெடி, மருந்து ரெடி, டாக்டர்ஸ் ரெடி. ஆனா மையம் இன்னும் திறக்கல."

"தொறந்துதானே சார் கீது? உள்ளதானே வந்தோம்."

நாகேந்திரன் பொறுமையாகச் சிரித்தார். "கதவு திறந்திருக்கு. மையம் திறக்கல. திறக்காத மையத்துல ஒருத்தர் குணமாயிட்டாங்கன்னு வைங்க, அப்புறம் திறப்பு விழாவுல எதைத் திறக்கறது? வர்றவர் கேட்பாரில்ல, 'எனக்கு முன்னாடியே திறந்தது யாரு'ன்னு?"

கேள்வி நியாயமாகத்தான் பட்டது. தொழிற்பேட்டையில் புது லேத் வந்தால்கூட முதலாளி வந்து தேங்காய் உடைத்த பிறகுதான் ஓட்டுவார்கள். ஆனால் லேத்துக்குக் காத்திருக்கும் இரும்பு வளர்வதில்லை.

செங்கல்வராயன் விடாமல் நடந்தான். வேலை விட்டு வரும் வழியில் தினமும் மையத்து வாசலில் நின்றான். கடைசியில் நிர்வாக அலுவலர் வேம்புலி ஒரு வழி கண்டுபிடித்தார். விழாவுக்கு முன் நடப்பதை 'சிகிச்சை' என்று சொல்லாமல் 'சோதனை ஓட்டம்' என்று சொல்லிவிடலாம். ஆயுதபூஜை முடிந்த மறுவேலைநாள் வரச் சொன்னார். இதற்குள் முடி அரை விரல்கடை வளர்ந்திருந்தது. கன்னியப்பன் மறுபடி வந்தார்.

வரலட்சுமியும் வந்தாள். "திரும்பியும் திருத்தணியா? எம்மாம் பெரிய வேண்டுதல்டி உனக்கு! ஆனா ஒண்ணு சொல்றேன், போன வாட்டி குடுத்த துண்ணூறு பூசிக்கினே இருந்தேன், முட்டி வலி போயே போச்சு. இன்னும் கொஞ்சம் குடேன்."

செங்கல்வராயன் அம்பத்தூருக்குப் போனான். வாங்கிய பொட்டலத்திலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து, யாரும் பார்க்காதபோது தாட்சாயிணியின் நெற்றியிலும் பூசினான். அது வரலட்சுமியின் முட்டிக்கு மட்டும்தான் வேலை செய்தது.

சோதனை ஓட்டத்தன்று எந்திரம் ஓடவில்லை. திரையில் சிவப்பாக ஏதோ வந்து வந்து போனது. லாவண்யா என்ற தொழில்நுட்ப உதவியாளர் கவசத்துக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் நின்றாள். கவசத்தின் உட்புறம் முழுக்க, சத்தம் புறப்படும் சின்னச் சின்ன வட்டுகள் ஆயிரத்துக்கும் மேல் உண்டு. ஒவ்வொன்றிலும் சந்தனம் இட்டு, அதன் நடுவில் குங்குமம் வைத்திருந்தது. சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது.

வேம்புலி பெருமையோடு சொன்னார்: "வெளிப்பக்கம் மட்டும் வெச்சா போதும்னுதான் பசங்க சொன்னாங்கோ. நான்தான், வேல செய்யறது எதுவோ அதுக்குத்தான்யா பொட்டுன்னு சொன்னேன். ஒண்ணுக்கு வெச்சி ஒண்ணுக்கு வெக்காம உடக் கூடாதுல்ல? மத்தியானம் வரைக்கும் வெச்சாங்கோ. எந்த ஆஸ்பத்திரிலயும் இப்படி ஒரு பூஜ நடந்திருக்காது."

"சார், சந்தனத்துல காத்து இருக்கும். சத்தம் தாண்டாது. ஈரத்துணி வெச்சுத் தொடச்சா போதும்" என்றாள் லாவண்யா.

வேம்புலியின் முகம் மாறியது. "இன்னாம்மா பேசற? வெச்ச பொட்ட அழிக்கறதா? டைரக்டர் ஊட்டம்மா கையால ஆரம்பிச்சு வெச்ச பொட்டு. மெஷினு சுமங்கலி மாதிரிம்மா. அழிச்சா அவுங்க குடும்பத்துக்கு ஆவுமா?"

படுக்கையில் மொட்டைத் தலையும் நெற்றிப் பொட்டுமாகப் படுத்திருந்த தாட்சாயிணி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். செங்கல்வராயன் தன் சட்டை நுனியை ஈரப்படுத்தித் தானே துடைத்துவிடலாமா என்று ஒரு கணம் யோசித்தான். கவசத்தை வெளியாட்கள் தொட்டால் விற்ற கம்பெனி பொறுப்பேற்காது என்று சுவரில் எழுதியிருந்தது. அவன் ஸ்டோரில் வேலை செய்கிறவன். சுவரில் எழுதியதை மதித்தே பழகியவன்.

நாகேந்திரன் ஒரு குழு அமைத்தார். அதன் பெயர் சந்தனம் நீக்கும் முறைமை வகுக்கும் குழு. முதல் கூட்டத்தில் துணி வெள்ளையாக இருக்க வேண்டுமா மஞ்சளாக இருக்க வேண்டுமா என்று விவாதித்தார்கள். இரண்டாவது கூட்டத்தில் ஒரு பேராசிரியர், சந்தனமும் அடிப்படையில் நுண்துகளே, ஆகவே இதை ஒரு தடையாகப் பார்க்காமல் ஆய்வு வாய்ப்பாகப் பார்க்க வேண்டும் என்றார். மேசை தட்டப்பட்டது. மூன்றாவது கூட்டத்துக்கு ஆள் சேரவில்லை. கடைசியில் கம்பெனிக்காரன் வெளிநாட்டிலிருந்து ஒரு பொறியாளரை அனுப்பினான். அவர் வந்து பார்த்து, இது என்ன என்று கேட்டு, ஈரத்துணியால் துடைத்தார். டீ ஆறுவதற்குள் வேலை முடிந்தது.

அதற்குள் தீபாவளி போயிருந்தது. மழை போயிருந்தது. தாட்சாயிணியின் வலது கை போயிருந்தது.

"இப்பவாவது ஆரம்பிக்கலாமா சார்?"

"மார்கழி பிறந்துடுச்சேப்பா" என்றார் நாகேந்திரன், உண்மையான வருத்தத்தோடு. "நான் விஞ்ஞானி. எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனா விருந்தினருக்கு இருக்கு. தையில முதல் முகூர்த்தம் வாங்கிட்டேன்."

மார்கழி முழுக்கத் தாட்சாயிணியின் சொற்கள் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தன. பழைய சொற்கள் கடைசியில்தான் போகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அப்படியெல்லாம் ஒழுங்காகப் போகவில்லை. அவன் பெயர் போனது, 'தண்ணி' இருந்தது. பிறகு 'தண்ணி'யும் போனது. மிஞ்சியது சீப்பு. தாகத்துக்கும் சீப்பு, வலிக்கும் சீப்பு, அவனுக்கும் சீப்பு. குரலை வைத்து எதுவென்று அவன் பிரித்துக்கொண்டான். திட்டும் சீப்பு ஒன்று இருந்தது. அது வந்த நாளில் அவனுக்குக் கொஞ்சம் சோறு இறங்கியது.

மூன்றாம் முறை வந்த கன்னியப்பன் கோயில் பெயர் கேட்கவில்லை. கூலியும் வாங்கவில்லை.

திறப்பு விழாவுக்கு அவளைச் சக்கர நாற்காலியில் கொண்டுபோனான். வளைவில் வாழைமரம், கரகம், செண்டை மேளம். அதே காவலாளி தயங்கினார். "இன்னிக்கு விருந்தாளிங்க மட்டும்தான் அண்ணாத்தே. பயனாளிக்குப் பாஸ் கீதா?" வேம்புலி ஓடி வந்து, "யோவ், மேடைக்கு வேணும்யா இவங்க!" என்று உள்ளே இழுத்துப் போனார். மேடை ஓரத்தில், பூச்சாடிக்கும் குத்துவிளக்குக்கும் இடையே அவளை வைத்தார்கள். 'முதல் பயனாளி' என்று அறிவித்துப் பொன்னாடை போர்த்தினார்கள். அது கழுத்திலிருந்து நழுவிக்கொண்டே இருந்தது. ஒரு கையால் அவளால் அதைப் பிடிக்க முடியவில்லை.

நாகேந்திரன் பேசினார்: "அவையோரே! மனித மூளையைச் சுற்றி ஒரு சுவர் இருக்கிறது. நல்லது எதையும் உள்ளே விடாத சுவர். நான் இருபது ஆண்டுகளாக அப்படிப்பட்ட சுவருடன் வாழ்ந்துவருகிறேன். இந்த ஆய்வுக்காக எத்தனையோ நாடுகளுக்குச் சென்று திரும்பியிருக்கிறேன். அங்கெல்லாம் சிகிச்சை நடக்கிறது. ஆனால் எங்கும் இப்படி ஒரு நுழைவாயில் வளைவு கிடையாது என்பதைப் பெருமையுடன் சொல்கிறேன்."

முதன்மை விருந்தினர் எழுந்தார். "சத்தத்தைப் பாய்ச்சி மூளைக்குள் ஒரு பொருளை ஏற்றலாம் என்று இவர்கள் இன்றைக்குக் கண்டுபிடித்திருக்கிறார்கள். நான் நாற்பது வருடமாக மேடைகளில் அதைத்தான் செய்துவருகிறேன். என்ன ஏற்றினேன் என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. இவர்களையும் யாரும் கேட்கக் கூடாது என்று வாழ்த்துகிறேன்." கைதட்டல் வயலைத் தாண்டிக் கேட்டது.

பிறகு அவர் குனிந்து ஒலிவாங்கியைத் தாட்சாயிணியின் வாயருகே நீட்டினார். "சொல்லும்மா, இப்ப எப்படி இருக்கு? குணமாயிடுச்சா?"

அவள் அவரைப் பார்த்தாள். கூட்டத்தில் கணவனைத் தேடினாள். "சீப்பு" என்றாள்.

விருந்தினர் ஒரு கணம் விழித்தார். பிறகு முகம் மலர்ந்தது. "பார்த்தீங்களா! தலையில முடி இல்ல, ஆனா சீப்பு கேக்கறாங்க! முடி வளரும், நான் வாழ்வேன்னு ஒரு நம்பிக்கை! இதுதான் இந்த மையத்தோட வெற்றி!" மக்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். கீழே நின்ற செங்கல்வராயனுக்கு மட்டும் தெரிந்தது. அது தாகத்தின் சீப்பு. மேடை ஏற அவனுக்குப் பாஸ் இல்லை. கூட்டம் கலைந்த பிறகுதான் தண்ணீர் கொடுக்க முடிந்தது.

மறுநாள் பந்தல் பிரித்துக்கொண்டிருந்தார்கள். நாகேந்திரன் அவளைப் பரிசோதித்துவிட்டுக் கண்ணாடியைத் துடைத்தார்.

"இவங்களைச் சேர்க்க முடியாதேப்பா. ஆய்வு விதிப்படி பயனாளி தன் வாயால சம்மதம் சொல்லணும்."

"நேத்து மேடையில மொதல் பயனாளின்னு சொன்னீங்களே சார்?"

"அது விழாவுக்கு. இது ஆய்வுக்கு."

"பேச்சு இருக்கசொல்ல வந்தோம் சார். அப்ப மையம் தொறக்கலன்னீங்க."

"கரெக்ட். இப்ப மையம் திறந்துட்டோம். இவங்களுக்குப் பேச்சு இல்ல. ரெண்டு பக்கமும் தாமதம் ஆயிருக்கு, நான் ஒத்துக்கறேன்."

செங்கல்வராயன் நாற்காலியை நடையின் ஓரத்துக்குத் தள்ளிப் போனான். அவள் முன்னால் தரையில் உட்கார்ந்தான். "தாட்சு, என் வாயப் பாரு. சம்மதம். ஒரே ஒரு வாட்டி. சம்-ம-தம்." அவள் அவன் உதட்டைப் பார்த்தாள். தன் உதட்டைக் குவித்தாள், பிரித்தாள். கழுத்து நரம்பு புடைத்தது. வியர்த்தது. செங்கல் சுமக்கிறவளைப் போல மூச்சு வாங்கியது. "ச்" என்று ஒன்று வந்தது. அவன் மறுபடி நாற்காலியை உள்ளே ஓட்டினான்.

"சொல்றா சார்! கேளுங்க!"

"சொல்லும்மா" என்றார் நாகேந்திரன்.

"ச்…சீப்பு."

"சார், அது சம்மதம்தான் சார். எங்க ஊட்ல அதுக்கு அதான் சார் வார்த்த."

நாகேந்திரன் எழுந்து வந்து அவன் தோளில் கை வைத்தார். கெட்டவர் என்று சொல்ல முடியாது. கண் கலங்கித்தான் இருந்தது. "உன் மனசு புரியுதுப்பா. வெளிப்படையாவே சொல்றேன். இவங்க இப்ப இருக்கற நிலையில, சிகிச்சைக்குப் பிறகு இறந்தா அது எங்க கணக்குல வரும். சிகிச்சைக்கு முன்னாடி இறந்தா நோயோட கணக்கு. புதுசா பிறந்த மையம். முதல் பயனாளியே தோல்வின்னா, பின்னால வரப்போற ஆயிரக்கணக்கான பேருக்கு யார் பதில் சொல்றது?"

வாசலுக்கு வந்தபோது காவலாளி சல்யூட் அடித்தார். அன்றைய பேப்பரில் படம் வந்திருந்தது. அவருக்கு அவளை அடையாளம் தெரிந்தது.

தாட்சாயிணி மாசி மாதம் ஒரு மத்தியானம் இறந்துபோனாள். கடைசி இரண்டு வாரம் எந்தச் சொல்லும் வரவில்லை. வரலட்சுமி தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்: "மூணு வாட்டி முடி குடுத்தாளே! அந்த முருகனுக்குக் கண்ணு இல்லியா!" தெருவே முருகனைக் கோபித்துக்கொண்டது. செங்கல்வராயன் யாரையும் திருத்தவில்லை. நாகேந்திரனின் பெயரைச் சொல்லி அழ அவர்களுக்குப் பழக்கமில்லை.

அக்னி நட்சத்திரத்தில், அவளுடைய படங்களைத் திரும்ப வாங்கிக்கொள்ள மையத்துக்குப் போனான். வேறெதற்கும் இல்லை, அவள் தலைக்குள் எடுத்த படம் அங்கே கிடக்க வேண்டாம் என்று தோன்றியது. லாவண்யா தேடி எடுத்துக் கொடுத்தாள்.

"இதுவரைக்கும் எத்தினி பேருக்கும்மா பண்ணாங்க?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "யாருக்கும் இல்ல சார். நல்லா இருக்கறவங்களுக்கு எதுக்கு ரிஸ்க்னு கமிட்டி கேக்குது. நல்லா இல்லாதவங்க விதிக்குள்ள வர மாட்டேங்கறாங்க."

ஒரு தடவை பார்க்கலாமா என்று கேட்டான். அவள் அறையைத் திறந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனான். தார் உருகும் வெயிலிலிருந்து வந்தவனுக்கு உடம்பு சிலிர்த்தது. கவசம் சுத்தமாக இருந்தது. படுக்கையில் புது விரிப்பு, சுருக்கமில்லாமல். உள்ளங்கையை அதில் வைத்துப் பார்த்தான். சில்லென்றிருந்தது.

"ஏசிய நிறுத்தவே மாட்டீங்களா?"

"நிறுத்தக் கூடாது சார். மெஷின் கெட்டுப்போயிடும். ராத்திரி பகல் எப்பவும் பதினெட்டுதான்."

அவன் சுவரில் இருந்த எண்ணைப் பார்த்தான். பதினெட்டு என்றுதான் இருந்தது.